ஓடைத் தண்ணீரில் பூச்சிமருந்து பரிசோதனை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடை எங்களுடையது. கீழே இருக்கும் வீடுகள் அதிலிருந்துதான் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கின்றன. கடைசியில் அது பவானியில் போய்ச் சேருகிறது.

மருந்து அடித்த கையோடு மழை பெய்தால், சரிவு நிலம் என்பதால் மண்ணோடு மருந்தும் ஓடைக்கு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் கல்லைப் புரட்டினால் நீர்ப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தோட்டத்துக்குக் கீழே அவை இல்லை, மேலே சோலைக்குள் இருக்கின்றன. எனக்கு இதுவே பெரிய சந்தேகம். விவசாயிகளைக் குறைசொல்ல வரவில்லை, அவர்கள் குடிப்பதும் இதே தண்ணீர்தான்.

குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்துச் சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரியும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலையில் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், மோனோகுரோட்டோபாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்துக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது. சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் இவற்றைப் பார்ப்பதில்லை.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேறு ஆய்வகத்திலோ தண்ணீர் மாதிரி கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு மாதிரிக்கு எவ்வளவு ஆகும்? தனிநபர் கொடுத்தால் வாங்குவார்களா, ஊராட்சிக் கடிதம் வேண்டுமா? அப்புறம், அடியில் படியும் வண்டலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லதா? அடுத்த மழைக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.