ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலிக்கிற நோய்) இருக்கிறவர்கள் எழுதுங்கள், எப்படித் தொடங்கியது?

பாம்பன்காரி:
நானே தொடங்குகிறேன். வயது 43. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்மாவோடு பாசி எடுக்கப் போனவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்து என்கிற கடல்பாசியைப் பிய்க்கிற வேலை, அதனால் உடம்புவலி எனக்குப் புதிதில்லை. ஆனால் வேலை செய்த வலிக்கு ஒரு இடம் இருக்கும், இரண்டு நாளில் போய்விடும். இது கழுத்தில் தொடங்கி தோள், இடுப்பு, தொடை என்று ஊர் சுற்றுகிறது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் ராத்திரி முழுக்க யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருக்கும். மகன் விளையாட்டாகத் தோளில் கை போட்டால்கூட கத்திவிடுவேன்.

வீட்டுக்காரர் வாயு என்று பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். மாமியார் கண்ணேறு என்றார். சுளுக்கெடுக்கிறவர் எண்ணெய் போட்டு வழித்துவிட்டதில் மூன்று நாள் படுக்கை. அப்புறம் ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே, மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்க்கிற இஎஸ்ஆர், ஆர்ஏ ஃபேக்டர் ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு எல்லாம் பார்த்தோம். எல்லாமே நார்மல். "மனசுல ஏதும் கவலையாம்மா" என்று கேட்டுவிட்டு அந்த டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் பாலத்தில் ஏறும்போது அழுகை வந்துவிட்டது, ரிப்போர்ட்டில் ஏதாவது ஒன்று வந்திருக்கக் கூடாதா என்று.

பெயர் சொன்னது மதுரையில் ஒரு மூட்டுவாத டாக்டர். எங்கெங்கே வலி, எத்தனை மாதமாக, தூக்கம் எப்படி, மறதி உண்டா, வயிற்றுக் கோளாறு உண்டா என்று அரை மணி நேரம் கேட்டார். முன்பு உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்த நோய் என்பார்களாம். 2010க்குப் பிறகு அது கட்டாயமில்லை, 3 மாதமாகப் பரவலான வலி, கூடவே அசதி, தூக்கக் கோளாறு, மறதி இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மூட்டிலோ தசையிலோ சேதம் இல்லை, மூளையும் நரம்பும் வலியைக் கூட்டிக் காட்டுகின்றன என்றார். திருவிழாவுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கரில் ஒருத்தர் இருமினாலும் ஊருக்கே கேட்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

கீழக்கரையிலிருந்து:
என் உம்மாவுக்கு 2006இல் சிக்குன்குன்யா வந்தது. காய்ச்சல் ஒரு வாரம், மூட்டு வீக்கம் சில மாதம், உடம்புவலி மட்டும் போகவே இல்லை. அடுத்த வருஷம் வாப்பா மவுத்தானதும் தூக்கமும் போனது, வலி இரண்டு மடங்கு. எது காரணம் என்று கேட்டால் டாக்டர் ஒன்றைத் தனியாகப் பிடித்துச் சொல்வதில்லை. தொற்றுக் காய்ச்சல், விபத்து, துக்கம், தூக்கமின்மை எதுவும் தூண்டிவிடலாம், குடும்பத்திலும் ஓடும் என்கிறார். பெரியம்மாவுக்கும் இதே தொந்தரவுதான், அந்தக் காலத்தில் 'சோம்பேறி' என்றே பெயர் வாங்கியவர், பாவம். உம்மாவுக்கு மிக்ஸி சத்தம் தாங்காது. சீனியை உப்பு டப்பாவில் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுவார்.

தொண்டியிலிருந்து:
ஆம்பளைக்கு வராது என்று நினைக்காதீர்கள் அக்கா. பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் நானும் ஒருத்தன். விசைப்படகில் ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டுப் பகலில் தூங்கியும் தூங்காமலும் பல வருஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கரையில் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். படுக்கப் படுக்க மோசமானதுதான் மிச்சம். டாக்டர் நடக்கச் சொன்னார், முதல் வாரம் 5 நிமிஷம். படகில் நின்றவனுக்கு 5 நிமிஷமா என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில் ஐஸ் பெட்டியைத் தூக்கினேன், நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

பாம்பன்காரி:
எனக்கும் அப்படித்தான் தம்பி, நன்றாக இருக்கிற நாள்தான் ஆபத்து, துணி முழுக்கத் துவைத்துப் போட்டுவிட்டு மறுநாள் அனுபவிப்பேன்.

மாத்திரையைப் பற்றியும் சொல்கிறேன்: எனக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து, அட்டையை யாரிடமோ காட்டி விசாரித்துவிட்டு நாத்தனார் 'பைத்திய மாத்திரை' என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் வந்தது, அது போதும். வாய் உலர்கிறது, காலையில் தலை மப்பாக இருக்கிறது. சிலருக்கு ப்ரீகாபலினோ டுலோக்செடினோ கொடுக்கிறார்கள், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக வாங்காதீர்கள். வாடைக்காற்று மாதங்களில் எனக்கு வலி கூடும், உங்களுக்கும் அப்படியா?

பாசிக்குப் போவதை விட்டுத் தையலுக்கு வந்துவிட்டேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடக்கிறேன். தம்பி, உங்கள் 5 நிமிஷம் இப்போது எவ்வளவு ஆகியிருக்கிறது?