வரப்பில் நிற்கும் மரம் தைல மரமா, வேறா? வெட்டலாமா?

மேலூர் விவசாயி:
மேலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வாங்கினோம், பெரியாறு கால்வாய்ப் பாசனம். முன்பு வைத்திருந்தவர் வரப்பில் எட்டு மரம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். இலை அரிவாள் மாதிரி வளைந்து தடிப்பாக இருக்கிறது, சித்திரையிலும் மொட்டையாவதில்லை, மஞ்சள் பூ விரல் நீளத்துக்கு வருகிறது. அடியில் சருகு மெத்தைதான், புல்கூட இல்லை. போன ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து மோட்டார் ரூம் மேல் விழுந்தது. என் மகன் அப்போதுதான் வெளியே வந்திருந்தான். தைல மரம் என்கிறார்கள், தண்ணீரை உறிஞ்சும், எல்லாவற்றையும் வெட்டு என்கிறார்கள். என்ன செய்ய?

நாற்றுப்பண்ணைக்காரர்:
இலையைக் கசக்கி மோந்து பாருங்கள் தம்பி. தைல வாசம் வராது. இது கத்திச்சவுக்கு, அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ். பேரில்தான் சவுக்கு, சேர்த்தி நம்ம கருவேல், சீகைக்காயோடு. வட ஆஸ்திரேலியா, நியூகினி, இந்தோனேசியப் பக்கத்து மரம். நீங்கள் இலை என்று பார்ப்பது உண்மையில் இலையே இல்லை, தட்டையாகிப்போன இலைக்காம்பு. விதை முளைத்ததும் முதலில் கருவேலுக்கு வருகிற மாதிரி சிறகிலைதான் வரும், சில வாரத்தில் காம்பு அகன்று இலையின் வேலையை அதுவே எடுத்துக்கொள்ளும். வறட்சிக்கும் தாங்கும். காய் காது மடல் மாதிரி சுருளும், ஆரிகுலிஃபார்மிஸ் என்றால் காது வடிவம். உள்ளே கறுப்பு விதை, ஆரஞ்சு நாரில் தொங்கும், அந்த நிறத்துக்கு வருகிற பறவைகள் விதையைக் கொண்டுபோய்ப் போடும்.

வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். அதனால்தான் ஒன்றும் வராத சரளை மண்ணிலும், சுரங்கம் தோண்டிப்போட்ட மண்ணிலும் இதை நடுகிறார்கள். அந்த இடத்தில் இதை யாரும் குறை சொல்ல முடியாது. நஞ்சை வரப்புக்கு இது வேண்டாத மரம், அவ்வளவுதான். சருகு சீக்கிரம் மட்காது, அடர்நிழல் வேறு, அப்புறம் புல் எப்படி வரும்?

பழனிமலைக்காரி:
அண்ணே, பறவை பரப்பும் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபுளோரிடாவில் இதே மரம் தானாகப் பரவி இயற்கைக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் கொடைக்கானலில் நிற்கும் வாட்டில் மரமும் அகேசியாதான், ஆனால் வேறு இனம், தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்தது. புல்வெளியாகக் கிடந்த மலைச்சரிவு எல்லாம் இன்று வாட்டில் காடு. வெட்டினாலும் மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிய விதை, தீப் பட்டதும் திமுதிமுவென்று முளைக்கிறது. புல்வெளி போனதோடு ஓடை ஊற்றும் சுருங்கியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள்.

அலங்காநல்லூர் சம்சாரி:
பிள்ளை தப்பியது பெரிய விஷயம். மோட்டார் ரூம் பக்கம் நிற்பதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இந்த மரம் அடியிலேயே இரண்டு மூன்றாகக் கவைத்து வளரும், பலத்த காற்றில் அந்தக் கவைதான் பிளக்கும். மற்றதைக் கிளை கழித்து வையுங்கள், அடுத்த மரம் எழும்பும்வரை காற்றுக்கு மறைப்பு வேண்டும். இடையில் புங்கன் நடுங்கள், அதன் தழையை அறுத்து நாற்றங்காலில் மிதிக்கலாம். வைரம் பாய்ந்த அடிமரத்தை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், மேசை நாற்காலிக்கு ஆகும், கரியும் நன்றாக வரும்.

மேலூர் விவசாயி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. கசக்கிப் பார்த்தேன், தைல வாசமே இல்லை. கால்வாய் ஓரம் வெயில் படுகிற இடத்தில் சாண் உயரக் கன்றுகள் நிற்கின்றன, ஒரே தண்டில் கீழே சிறகிலை, மேலே கத்தி. மகனை விட்டுப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். மோட்டார் ரூம் பக்கத்து மூன்று மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது.