பிக்கப்போடு வந்த கம்பெனி டயரா, பனிக்கென்று வாங்கிய டயரா? கனடாவில் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

எட்மண்டனிலிருந்து:

"ஃபோர் வீல் டிரைவ் இருக்கே, டயர்ல எம் பிளஸ் எஸ்னு, அதாவது சேத்துக்கும் பனிக்கும்னு, போட்டிருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா விண்டர் டயர்?" புதிதாக பிக்கப் வாங்கும் நம் ஆட்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் ஒரே வண்டியை, ஒரே சாலையில், ஒரு பனிக்காலம் முழுக்க கம்பெனி டயரோடும் அடுத்த பனிக்காலத்திலிருந்து விண்டர் டயரோடும் ஓட்டியிருக்கிறேன். பார்த்ததை எழுதுகிறேன். மற்றவர்கள் உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லுங்கள்.

வண்டி அரை டன் பிக்கப் (அரை டன், முக்கால் டன் என்பதெல்லாம் பாரம் ஏற்றுவதை வைத்து வந்த ரகப்பெயர், வண்டியின் எடை அல்ல). தொழிற்சாலையிலிருந்து வந்த டயர் 275/55 ஆர்20. கட்டட வேலைக்குப் போகிறவன் என்பதால் விடிவதற்கு முன்பே ஆண்டனி ஹென்டே சுற்றுச்சாலையில் இருப்பேன். அந்த நேரத்தில் மைனஸ் 25 என்பது இங்கே சாதாரணம்.

கம்பெனி டயரில் கிளம்புவதற்கு ஒரு சிரமமும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும்போது எந்த டயரானாலும் வண்டி நகர்ந்துவிடும். பிரச்சினை நிற்பதில்தான். சிக்னல் இருக்கும் இடங்களில் எல்லா வண்டியும் நின்று கிளம்புவதால் பனி நசுங்கி, லேசாக உருகி, மறுபடி உறைந்து வழவழவென்று ஆகிவிடும். அங்கே பிரேக்கை மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் தடதடவென்று காலை உதைக்கும், இரண்டு டன்னுக்கும் மேலான வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கிற வேலையில் ஃபோர் வீல் டிரைவுக்குப் பங்கே இல்லை. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கத்தான் செய்கிறது. மிச்சம் இருப்பது ரப்பர் மட்டும்தான்.

விண்டர் டயர் மாட்டிய பிறகு அதே சிக்னல்களில் ஏபிஎஸ் அவ்வளவாக வேலை செய்வதே இல்லை. கோட்டுக்கு முன்னால், நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கேட்கிறது. எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது இதுதான். கம்பெனி டயரில் ஸ்டியரிங் திரும்பும், வண்டி நேராகப் போகப் பார்க்கும்.

காரணம் ரப்பர்தான். சாதாரண ஆல் சீசன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். மைனஸ் 20ல் அது ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது, சாலையின் நெளிவு சுளிவில் போய் உட்காராது. விண்டர் டயரில் சிலிக்கா கலந்த ரப்பர் அந்தக் குளிரிலும் வளையும். டயர் பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகள் மேல் நெருக்கமாக வெட்டிய மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாக நின்று பனியைப் பிடிக்கும்.

கம்பெனி டயர் மட்டமான டயர் என்று நான் சொல்லவில்லை. அது வேறு வேலைக்கு எடுத்த டயர். வண்டி செய்பவர்களுக்கு எரிபொருள் கணக்கு அரசாங்கத்திடம் சரியாக வர வேண்டும், டெஸ்ட் டிரைவில் சத்தம் கேட்கக் கூடாது, டெக்சாஸிலும் எட்மண்டனிலும் ஒரே டயர் ஓட வேண்டும். கடையில் அதே பெயரில் இருக்கும் டயரும் தொழிற்சாலையிலிருந்து வருவதும் சில சமயம் ஒன்றாக இருப்பதில்லை. ஜிஎம் வண்டிகளில் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள், டிபிசி என்று ஒரு குறியீடு இருக்கும். ஜிஎம் கேட்ட அளவுகோல்களுக்கு ஏற்பச் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம்.

ஆல்பர்டாவில் விண்டர் டயர் கட்டாயம் என்று சட்டம் இல்லை, அவரவர் முடிவுதான். ஆணி பதித்த டயரும் இங்கே போடலாம். நான் ஆணி இல்லாததைத்தான் போட்டிருக்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதினது முழுக்கச் சரி. ஆனால் மாற்றிப் போடுகிற எல்லா ரயரும் கொம்பனி ரயரை விடத் திறம் என்றில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் முக்கால் டன் பிக்கப்பில் சட்பரி வரைக்கும் சாமான் ஏற்றி இறக்குகிறேன். 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகரம் தாண்டினால் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து பனிப்புயல் எந்த நேரமும் அடிக்கும். பரி சவுண்டுக்கு அங்கால் 69ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் பாறையும் மரமும்தான். கொம்பனி ரயர் தேய்ந்த பிறகு, பார்க்க நல்ல முரட்டுத்தனமான ஓல் ரெறெய்ன் ரயர் (எல்லாத் தரைக்குமானது), 10 பிளை, லோட் ரேஞ்ச் ஈ, அதாவது கூடின பாரம் தாங்குகிற ரகம், வாங்கிப் போட்டேன். பக்கச்சுவரில் மலைக்குள் பனிப்பூ அடையாளமும் இருந்தது.

புதுப் பனி ஆழமாகக் கிடந்தால் அந்த ரயரை அடிக்க ஆளில்லை. உழுதுகொண்டு போகும். ஆனால் பனி இறுகி ஐஸ் ஆன இடத்தில் பழைய கொம்பனி ரயரை விடவே மோசமாக வழுக்கினது. கட்டைகள் பெரிசு, கீறல் குறைவு, ரயரின் உடம்பு விறைப்பு. ஐஸில் ரயரின் ஆழமான பள்ளம் உதவாது அண்ணா, அங்கே ரப்பர் நிலத்தில் படியவேண்டும். அதோடு சாமான் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பி வரும்போது பின்சக்கரத்தில் பாரமே இல்லை, அந்த விறைத்த ரயர் துள்ளித் துள்ளித்தான் வந்தது.

அந்த மலை அடையாளம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பிறகு தேடி வாசித்தேன். 1999 இல் கொண்டுவந்த அடையாளம். இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்றுதான் சோதிக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த ரயரை விடக் குறைந்தது 10 வீதம் கூட இழுத்தால் அடையாளம் கிடைக்கும். பிறேக்கும் அதில் இல்லை, ஐஸும் இல்லை. வெறும் எம்+எஸ் என்பது அதிலும் கீழ். பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துப் போடுகிற எழுத்து அது, பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதில்லை.

இப்ப நான் போட்டிருப்பது பிளிசாக் எல்ரி என்ற விண்டர் ரயர். பார்க்க ஒரு எடுப்பும் இல்லை. ஆனால் சட்பரியிலிருந்து வெறும் பெட்டியோடு நிம்மதியாகத் திரும்புகிறேன்.

இன்னொன்று. எட்மண்டன் குளிரை நினைத்து ரொறன்ரோக்காரர் "எங்களுக்கு அவ்வளவு குளிர் இல்லைத்தானே" என்கிறார்கள். ஐஸ் மோசமாக வழுக்குவது பூச்சியம் டிகிரிக்குப் பக்கத்தில்தான், மேலே மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும். மைனஸ் 25 இல் ஐஸே கொஞ்சம் சொரசொரப்பாகிவிடும். எங்கள் பக்கம் பகலில் உருகி இரவில் உறைகிற நாட்கள்தான் அதிகம்.

ஒன்ராறியோவில் விண்டர் ரயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து சட்டம். கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாகச் சொல்வது குறைவு.

சர்ரேயிலிருந்து:

வான்கூவர் பக்கம் மழைதான், பனி சில நாட்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் கம்பெனி டயரே எனக்குப் போதும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் ஹோப் ஊரைத் தாண்டி கோக்கிஹல்லா மலைச்சாலையில் ஏறினால் கதை வேறு. ஒரே மணி நேரத்தில் மழையிலிருந்து முழுப் பனிக்குள் போய்விடுவோம். அக்டோபர் 1லிருந்து அந்தச் சாலையில் விண்டர் டயர் இல்லாமல் போகக் கூடாது. மலைப்பாதைகளில் பலவற்றுக்கு ஏப்ரல் 30 வரை இதே விதி. ஆனால் இங்கே எம்+எஸ் டயரும் செல்லும், டயரின் பள்ளம் 3.5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். சட்டத்துக்குப் போதும் என்பதை மலைக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பிஎஃப்குட்ரிச் கேஓ2 என்ற ஆல் டெரெய்ன் டயர் போட்டிருக்கிறேன். ஃபோர்ட் ராப்டரில் தொழிற்சாலையிலேயே அந்த டயர்தான் வந்தது, மலை அடையாளமும் உண்டு. ஆகவே "கம்பெனி டயர்" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. கோக்கிஹல்லாவின் இறுகிய பனியில் அது எனக்கு நன்றாகவே பிடிக்கிறது. பாலங்கள் மேல் ஐஸ் இருக்கும் என்று தெரிந்தால் வேகத்தைப் பாதியாக்கிவிடுவேன். ஸ்காபரோ அண்ணன் சொன்னது அங்கே எனக்கும் தெரிந்தது.

மொன்றியலிலிருந்து:

அண்ணாமாரே, எங்களுக்கு இந்த விவாதமே இல்லை. கியூபெக்கில் 2008லிருந்து விண்டர் டயர் கட்டாயம். 2014 டிசம்பரிலிருந்து மலை அடையாளமோ ஆணியோ இருந்தால்தான் கணக்கு, எம்+எஸ் மட்டும் என்றால் செல்லாது. 2019லிருந்து டிசம்பர் 1க்குள் மாட்டிவிட வேண்டும், மார்ச் 15 வரை கழற்றக் கூடாது. நாங்கள் மிசிசாகாவிலிருந்து வீடு மாறி வந்தபோது பிக்கப்பில் கம்பெனி டயர் கிட்டத்தட்ட புதிதாக இருந்தது. அங்கே தாராளமாக ஓட்டின டயர், இங்கே வண்டியைப் பதிவு செய்த பிறகு பனிக்காலத்தில் அபராதத்துக்குரியது.

செலவைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். தனி ரிம்மில் மாட்டி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் டயரைப் பிரித்துப் பூட்டுகிற கூலி மிச்சம். ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கிறது, கோடை டயர் அதிக காலம் வருகிறது. என் கணவர் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருகிறார். அவர் வீடு வந்து சேர்கிற வரை எனக்கு இருந்த பதைப்பு குறைந்ததை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

பிராம்ப்டனிலிருந்து:

நான் டயர் கடையில் வேலை செய்கிறேன். பிக்கப்காரர்களுக்கென்று சில விஷயங்கள் சொல்ல வேண்டும், இவை காருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அரை டன் வண்டிகளில் பெரும்பாலும் வருவது பயணிகள் வண்டி ரக டயர், அளவுக்கு முன்னால் பி என்று இருக்கும் அல்லது எழுத்தே இருக்காது. எல்டி என்பது பாரத்துக்கான டயர். முக்கால் டன், ஒரு டன் வண்டியில் எல்டி வந்திருந்தால் விண்டர் டயரும் எல்டியாகத்தான் இருக்க வேண்டும், மலிவாகக் கிடைக்கிறது என்று பி ரகத்துக்கு இறங்காதீர்கள், பாரம் தாங்காது. மறுபுறம், பாரமே ஏற்றாத அரை டன் வண்டிக்கு 10 பிளை எல்டி தேவையில்லை. ஸ்காபரோக்காரர் பட்ட விறைப்புதான் கிடைக்கும். அரை டன்னில் எல்டி போட்டே தீர வேண்டும் என்றால், கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் அப்படியே பொருந்தாது. அதே பாரத்தைத் தாங்க எல்டிக்குக் கூடுதல் காற்று வேண்டும். கடையில் பார அட்டவணையைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

20 அங்குல ரிம்மில் வந்த வண்டிக்கு 18 அங்குல இரும்பு ரிம்மும் 275/65 ஆர்18 டயரும் நான் அடிக்கடி மாட்டுவது. மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், பிரேக் காலிப்பர் இடிக்காதா என்று மட்டும் உங்கள் மாடலுக்குப் பார்க்க வேண்டும். டயர் விலை குறையும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குழியில் ரிம் அடிபடுவதும் குறையும். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கப் பார்க்கும், கொஞ்சம் ஒல்லியானது வெட்டிக்கொண்டு இறங்கும். பனிக்காலத்துக்கு இன்னும் அகலமாக வேண்டும் என்று கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பப் பார்ப்பேன்.

காற்று: வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். வெதுவெதுப்பான பட்டறைக்குள் 35 அடித்துவிட்டு மைனஸ் 20க்கு வெளியே போனால், மறுநாள் காலை 28 பக்கம் காட்டும். ஓட்டை என்று பலர் பதறி வருவார்கள். குளிரில் நின்ற வண்டியில் அளந்து நிரப்புங்கள்.

பழைய விண்டர் டயர் வாங்குபவர்கள் பக்கச்சுவரில் இருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 4221 என்றால் 2021ஆம் ஆண்டின் 42வது வாரம். டயர் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆழப்பனியில் அதை நம்பாதீர்கள். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "பின்னால மட்டும் ரெண்டு போடுங்க" என்று வருபவர்களிடம் நான் கெஞ்சாத குறை. பின்பக்கம் பிடித்து முன்பக்கம் பிடிக்காவிட்டால் வளைவில் வண்டி நேராகப் போய்விடும்.

தொழிலில் இருப்பதால் ஒரு தகவல் எனக்குப் பெருமை: உலகின் முதல் பனிக்கால டயர் லாரிக்காகத்தான் வந்தது. 1934ல் ஃபின்லாந்தில், இன்று நோக்கியன் டயர்ஸ் என்று இருக்கும் நிறுவனம் செய்தது. கார்களுக்கான ஹக்கபெலிட்டா இரண்டு வருடம் கழித்துத்தான்.

எட்மண்டனிலிருந்து:

பிராம்ப்டன் நண்பருக்கு மிக்க நன்றி, ரிம் விஷயம் எனக்கு உதவும். ஒரு கேள்வி. வெறும் பெட்டிக்கு மணல் மூட்டை போடுவது நல்லதா? அப்புறம், விண்டர் டயரையே கோடையிலும் ஓட்டினால் என்ன ஆகும்?

பிராம்ப்டனிலிருந்து:

மணல் மூட்டை நல்லது, பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் திடீர் பிரேக்கில் முன்னால் பாய்ந்து வரும். மூட்டை போட்டதும் கிளம்புவது சுலபமாகும், ஆனால் அந்தப் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டியது டயர்தான், அதனால் அளவோடு போடுங்கள். கோடையில் விண்டர் டயர் வேண்டாம். சூட்டில் மெதுரப்பர் சீக்கிரம் கரையும், வெயில் சாலையில் பிரேக் தூரமும் கூடும். பகல், இரவு இரண்டும் 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்கக் கடைக்கு வாருங்கள், பெரும்பாலான கடைகளில் காசு வாங்க மாட்டார்கள். பிக்கப் அளவுகள் அக்டோபரிலேயே தீர்ந்துவிடுகின்றன, முதல் பனி விழுந்த பிறகு வருபவர்களுக்கு என்னால் கொடுக்க முடிவது மிச்சம் இருப்பதை மட்டும்தான்.