ஸ்பெயினின் அல்புஹாரா மலைக் கிராமங்கள்: வயதான பெற்றோருடன் 4 நாட்கள் எங்கே தங்கலாம்?

மத்ரித்வாசி கேட்டது:

வேலை நிமித்தமாக மத்ரித் நகரில் வசிக்கிறேன். மே மாதக் கடைசி வாரத்தில் என் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார்; அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. கிரனாடாவில் அல்ஹம்பிரா அரண்மனையைப் பார்த்த பிறகு, மேலும் ஒரு நகரத்துக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போவதைவிட, சியரா நெவாதா மலையின் தெற்குச் சரிவில் உள்ள அல்புஹாரா பகுதியில் 4 நாட்கள் அமைதியாகத் தங்கலாம் என்று நினைக்கிறேன். பொக்கெய்ரா பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று மூன்று கிராமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதாகப் படித்தேன். இவற்றில் எங்கே தங்குவது நல்லது? வாடகைக் கார் அவசியமா? பெற்றோர் இருவரும் முட்டைகூடச் சாப்பிடாத சுத்த சைவம் என்பதால், பன்றித்தொடைக்குப் பேர்போன அந்தப் பகுதியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் என் பெரிய கவலை.

வழிப்போக்கன்:

இரண்டு முறை அங்கே தங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பம்பனெய்ரா ஏறத்தாழ 1,060 மீட்டர் உயரத்திலும், புபியோன் 1,300 மீட்டரிலும், கபிலெய்ரா 1,436 மீட்டரிலும் உள்ளன. மூன்றுமே செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். சமதளம் என்று சொல்ல ஊர்ச் சதுக்கம் ஒன்றுதான் இருக்கும். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்பது பெரும்பாலும் பம்பனெய்ராவில் என்பதால் நண்பகலில் அங்கே கூட்டம் நெரியும். புபியோன் மிக அமைதியான ஊர், ஆனால் கடைகள் குறைவு. உங்கள் தேவைக்குக் கபிலெய்ராவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வீட்டை முன்பதிவு செய்வதற்கு முன், கார் வாசல்வரை வருமா, வராவிட்டால் எத்தனை படிகள் இறங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள். ஊரின் கீழ்ப்பகுதிக்குள் கார் நுழையாது. படத்தில் அழகாகத் தெரியும் வெள்ளைச் சந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வேறு மாதிரி தெரியும்.

கிரனாடாவிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் நாளுக்குச் சில தடவைதான் வரும் என்பதால், பெற்றோருடன் போகும்போது கார் எடுப்பதே நல்லது. தொலைவு சுமார் 70 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும்; ஓர்ஹிவா ஊரைத் தாண்டியதும் வளைவுகள் ஓய்வதில்லை. வளைவுப் பாதையில் குமட்டல் வருபவர்கள் இருந்தால், வழியில் நீரூற்றுகளுக்கும் கனிமநீர்க் குளியலுக்கும் பெயர்பெற்ற லன்ஹரோனில் அரை மணி நேரம் இறங்கி நடந்துவிட்டுச் செல்லுங்கள்.

ஒரு நாள் த்ரெவேலெஸ் கிராமத்துக்கும், போகும் வழியில் போர்துகோஸ் ஊரின் ஓரத்திலுள்ள இரும்புச் சத்து நிறைந்த ஊற்றுக்கும் போய் வரலாம். அந்த நீர் இயற்கையிலேயே லேசாகச் சோடாபோல இருக்கும். ஒரு வாய் குடித்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல இருக்கிறது. சாலைக்கு மறுபுறம் அது அருவியாக விழும் இடத்தில் பாறை முழுவதும் செம்மண் நிறமாகிக் கிடக்கிறது.

சமையற்கட்டு:

சைவம் பற்றி நான் சொல்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் நாள் ஒரு சிற்றுண்டிச்சாலையில், இறைச்சி இல்லாமல் ஒரு காய்கறிச் சூப் வேண்டும் என்று கேட்டேன். வந்த கிண்ணத்தில் உருளைக்கும் கீரைக்கும் நடுவே ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைத் துண்டுகள் மிதந்தன. பரிமாறியவரிடம் காட்டியதும் அவருக்கு உண்மையாகவே வியப்பு. அவர் கணக்கில் ஹமோன் என்பது இறைச்சியே அல்ல, உப்பைப்போலச் சுவைக்காகப் போடுவது. ஆகவே "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. "சின் ஹமோன், சின் அத்தூன், சின் வேவோ" என்று, அதாவது ஹமோன், சூரை மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கலவைச் சாலட்டில்கூடச் சூரை மீன் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம்பிச் சாப்பிடக்கூடியது "பத்தாத்தாஸ் அ லோ போப்ரே", அதாவது ஏழைவீட்டு உருளைக்கிழங்கு. வட்டமாக அரிந்த உருளைக்கிழங்கை வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், பூண்டு ஆகியவற்றோடு ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் குழைய வேகவிடுகிறார்கள். முறுகலாக இருக்காது, ஓரங்கள் உதிர்ந்து எண்ணெயில் ஊறியிருக்கும். எலுமிச்சை பிழிந்து நம் ஊர் மிளகாய்ப்பொடியைத் தூவினால் அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். இதே உருளையின்மேல் முட்டை, இரத்தத் தொத்திறைச்சி, சாதாரணத் தொத்திறைச்சி, ஹமோன் எல்லாம் அடுக்கினால் அதுதான் "பிளாத்தோ அல்புஹாரேனோ" என்ற புகழ்பெற்ற தட்டு. அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நேரமும் ஒரு சிக்கல்தான். மதிய உணவு ஒன்றரை அல்லது இரண்டு மணிக்கு முன் கிடைக்காது. நான்கு மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிட்டால் இரவு எட்டரை வரை எதுவும் கிடையாது. ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கும் பெரியவர்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே விடுதி அறையைவிடச் சமையலறையுள்ள "காசா ரூரால்" என்னும் கிராமத்து வீட்டை எடுத்துக்கொண்டு, அரிசி, பருப்பு, மசாலாவை மத்ரிதிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

த்ரெவேலெஸ் விஷயத்தில் வழிப்போக்கன் அவர்களோடு நான் உடன்படவில்லை. அங்கே கடைக்குக் கடை கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான பன்றித்தொடைகள் தொங்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு சின்னக் கிண்ணம் செருகியிருப்பார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சுத்த சைவம் சாப்பிடும் பெற்றோருக்கு அந்த மணம் ஒரு நாள் முழுவதும் மூக்கைவிட்டுப் போகாது.

மடைவாய்:

இடங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள்; ஆனால் அந்த மலையில் பார்க்க வேண்டியது தண்ணீர் என்பது என் கருத்து. நீங்கள் போகும் மே மாதக் கடைசியோ பனி உருகும் பருவம்.

அல்புஹாராவின் வாய்க்கால்களை "அசெக்கியா" என்பார்கள். அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் விரிவாக அமைக்கப்பட்ட இவற்றில் ஒரு வகை வயலுக்கு நேராகப் பாய்கிறது. மற்றொரு வகைதான் விசித்திரமானது. மலையின் மேற்பகுதியில் உருகிவரும் பனிநீரை ஓடையிலிருந்து திருப்பி, வேண்டுமென்றே கசியும்படி வெட்டிய வாய்க்கால்களில் ஓடவிட்டு, சரிவுகளில் ஊறவைக்கிறார்கள். உள்ளே இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் மெதுவாக நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, மழையில்லாத கோடையில், கீழே உள்ள ஊற்றுகளில் வெளிவருகிறது. அணை கட்டாமல் மலையையே ஏரியாக்கிய வேலை இது. நம் ஊரில் வயல்களுக்கு நீரைத் திருப்பிவிடும் நீர்க்கட்டி செய்கிற வேலையை அங்கே "அசெக்கியேரோ" என்பவர் செய்கிறார். நான் பார்த்த ஒரு மடையில் கதவு என்று ஒன்றும் இல்லை. ஒரு பலகைக்கல்லைச் சாய்த்து வைத்து, இடுக்கில் வேரோடு பெயர்த்த புற்கட்டியை மிதித்து அடைத்திருந்தார்கள். பல வாய்க்கால்கள் கைவிடப்பட்டுத் தூர்ந்துபோயின. அவற்றில் சிலவற்றைக் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 முதல் ஊர்க்காரர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு மீட்டு வருகிறார்கள்.

இந்த அறிவு அறுந்துபோயிருக்க வேண்டியது. கட்டாயமாகக் கிறித்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோ மக்கள் 1568 இல் இங்கே கிளர்ந்தெழுந்தார்கள். 1571 இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது; அவர்களை ஊர் ஊராக வெளியேற்றி, வடக்கிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் குடியானவர்களைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். புதியவர்களுக்கு வாய்க்கால் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்க ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை மட்டும் இருக்கவிட்டார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

வீடுகளின் கூரையையும் கவனியுங்கள். ஸ்பெயினின் மற்ற பல மலைக் கிராமங்களில் ஓட்டுக்கூரை இருக்கும். இங்கே தட்டையான மொட்டைமாடி. கஷ்கொட்டை மர உத்திரங்களின்மேல் பலகைக்கற்களைப் பரப்பி, அதன்மேல் "லௌனா" என்ற நீலச்சாம்பல் நிறக் களிமண்ணைக் கொட்டுகிறார்கள். மழை பட்டதும் அது தானாக இறுகி நீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். தேய்பிறையில் போட்டால்தான் ஒழுகாது என்பது ஊர் நம்பிக்கை. சந்துகளின்மேல் வீட்டை நீட்டிக் கட்டிய நிழல்வழிகளுக்குத் "தினாவோ" என்று பெயர். அம்மா உட்கார்ந்து இளைப்பாற அவைதான் இடம்.

மத்ரித்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கபிலெய்ராவில் கார் வாசல்வரை வரும், சமையலறையுள்ள ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டேன். த்ரெவேலெஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி: ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசெனை அருகில் பார்க்க வேண்டும் என்று அப்பா விரும்புகிறார். அது முடியுமா? அம்மாவும் கொஞ்சம் நடக்கக்கூடிய பாதை ஏதேனும் உண்டா?

வழிப்போக்கன்:

த்ரெவேலெஸ் பற்றிய கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் மாமிசம் உண்பவன், அது என் நினைவுக்கே வரவில்லை.

முலாசென் 3,479 மீட்டர் உயரம். கபிலெய்ராவிலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரம்வரை ஏற்றிச்செல்லும் தேசியப் பூங்காச் சிற்றுந்து கோடைக்காலத்தில் மட்டும்தான் ஓடும். மே மாதத்தில் மேலே பனி கிடக்கும் என்பதால் சிகரத்தை மறந்துவிடுங்கள். ஆனால் வானம் தெளிவாக இருந்தால், பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனி மூடிய முகடுகள் ஊரிலிருந்தே தெரியும்.

நடப்பதற்கு, கபிலெய்ராவின் மேல் எல்லையிலிருந்து லா செபதீயா வரை செல்லும் அகலமான மண்பாதையைப் பரிந்துரைக்கிறேன். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட அந்தக் குடியிருப்பு இப்போது வெறும் சுவர்களாக நிற்கிறது. அம்மா முடிந்த தூரம் வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்ளலாம், அப்பா முழுவதும் போய்வரலாம். கீழே ஆற்றைக் கடந்து மறுகரை ஏறும் பாலப் பாதையில் மட்டும் அம்மாவை இறக்கிவிடாதீர்கள்; இறங்குவதும் திரும்பி ஏறுவதும் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். தொப்பியும் குடிநீரும் கையோடு இருக்கட்டும்.