ஒரே அறை நூலகம், ஞாயிறு மாலை, கையில் 300 ரூபாய்: பிள்ளைகளுக்கு என்ன வைத்துக் கொடுக்கலாம்?

வயலோரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் பொறுப்பேற்று நான்கு மாதம் ஆகிறது. ஒரே அறை. எட்டு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி. வெளியே திண்ணையும் வேப்பமரமும் உண்டு. சிறுவர் நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் இரவல் பதிவேட்டைப் புரட்டினால், ஒன்றரை ஆண்டில் அந்த அலமாரியிலிருந்து பத்துப் புத்தகம்கூட வெளியே போகவில்லை.

சென்ற மாதம் ஓவியப் போட்டி வைத்தேன். வாசகர் வட்டத்தார் பென்சில் பெட்டி பரிசு கொடுத்தார்கள். நாற்பத்தேழு பிள்ளைகள் வந்தார்கள். திண்ணை போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து வரைந்தார்கள். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, இன்றைக்கு என்ன பரிசு?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கைக்காசில் மாதம் 300 ரூபாய் செலவழிக்க முடியும். கணினி, திரை எதுவும் இல்லை. நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் சத்தம் பொறுக்கமாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றாக வருகிறார்கள். இதே மாதிரி இடத்தில் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய முத்திரை

தம்பி, பரிசு இல்லை என்று சொன்ன பிறகு அந்த மூன்று பேரும் போய்விட்டார்களா, உட்கார்ந்தார்களா? உட்கார்ந்திருந்தால் அந்த மூவரை வைத்தே தொடங்குங்கள். நாற்பத்தேழை மறந்துவிடுங்கள்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் பதினோரு ஆண்டுகள் ஊர்ப்புற நூலகம். மழை வந்தால் மூன்றாவது அலமாரியை நடு அறைக்கு இழுக்க வேண்டும், அவ்வளவு ஒழுகும். நானும் போட்டிகளில்தான் தொடங்கினேன். ஒரு மாறுவேடப் போட்டியில் பாரதியார் வேடம் போட்டு வந்த சிறுமிக்குப் பரிசு கிடைக்கவில்லை. மையில் வரைந்த மீசை கண்ணீரில் கரைந்து கன்னமெல்லாம் கறுப்பாகி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அதன் பிறகு ஓர் ஆண்டு அவள் நூலகத்துப் படி ஏறவில்லை. அன்றோடு போட்டிகளை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தோற்பது போதாதா, நம்மிடமும் வந்து தோற்க வேண்டுமா?

நான் கண்டுகொண்டது இதுதான்: பிள்ளைகள் பொருளுக்கு ஏங்குவதைவிட, பெரியவர்கள் செய்யும் வேலைக்கு ஏங்குகிறார்கள். உங்கள் மேசையை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். தேதி முத்திரை, மைப்பெட்டி, இரவல் பதிவேடு மூன்றையும் எடுத்து வைத்து, "இன்று நாலரை மணிவரை நீதான் நூலகர்" என்று சொல்லுங்கள். ஒருவர் தேதியைத் திருப்பி வைக்கட்டும், ஒருவர் பெயர் எழுதட்டும், ஒருவர் புத்தகத்தின் கடைசித் தாளில் முத்திரை குத்தட்டும். முத்திரை குத்த வேண்டுமானால் யாராவது புத்தகம் எடுத்தாக வேண்டும் அல்லவா? தெருவில் போகிற தம்பி தங்கையை எல்லாம் அவர்களே அழைத்து வருவார்கள். பதிவேட்டை அவர்கள் தப்பாக எழுதினால் பயப்படாதீர்கள். முதலில் ஒரு பழைய நோட்டில் எழுத விட்டு, பிறகு நீங்கள் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது புத்தக வேட்டை. ஒரு சீட்டில் இப்படி எழுதுவேன்: "நீல அட்டை. அட்டையில் ஒரு காகம். பன்னிரண்டாம் பக்கத்தில் அது என்ன தின்கிறது?" பிள்ளைகள் அலமாரி முழுக்கத் தேடுவார்கள். தேடும்போது வேறு ஏதோ படம் கண்ணில் பட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும் பிள்ளை இருக்கும். அதை எழுப்பாதீர்கள், வேட்டை அதற்கு முடிந்துவிட்டது. முதல் தடவை எனக்கு அலமாரியே தரையில் கிடந்தது. அடுக்கி முடிக்க இரவு எட்டானது. அதன் பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளமாக வெட்டி, ஆளுக்கு ஒன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தை உருவும் இடத்தில் அந்த அட்டையைச் செருக வேண்டும். திரும்ப வைக்கும்போது அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டே வாரத்தில் என்னைவிட நன்றாக அடுக்கினார்கள்.

பெரியவர்கள் சத்தம் பொறுக்கமாட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் காலை பதினொன்றுக்குள் நாளிதழ் கூட்டம் கலைந்துவிடும். மாலையில் வந்தவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். மிகவும் கோபக்காரர். ஒரு நாள் அவரிடமே போய், "ஐயா, நீங்கள் ஓடிய வழித்தடத்தில் மழைவெள்ளத்தில் பஸ் நின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் சொன்னார். நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக அவர் கூவக் கூவப் பிள்ளைகள் கூடவே கூவினார்கள். மறுவாரம் அவர் நாளிதழைத் தொடவே இல்லை, நேராகத் திண்ணைக்கு வந்துவிட்டார்.

கதை வாசிக்கும்போது ஒன்று கவனியுங்கள். புத்தகத்தை உங்கள் பக்கம் வைத்துப் படித்துவிட்டுப் பிறகு படத்தைத் திருப்பிக் காட்டாதீர்கள். காதுக்குப் பக்கத்தில் படம் அவர்களைப் பார்க்குமாறு பிடித்து, நீங்கள் ஓரக்கண்ணால் படிக்க வேண்டும். இதற்கு வீட்டில் இரண்டு முறை பழக வேண்டும். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். நீளக் கதையை முக்கால் பாகத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் புத்தகம் யார் கையிலாவது இருக்கும்.

மின்சாரம் போன ஒரு மாலையில்தான் எங்கள் நிழல் கூத்து பிறந்தது. வாசலில் ஒரு நாலு முழ வெள்ளை வேட்டி, பின்னால் டார்ச் விளக்கு, அட்டையில் வெட்டி ஈர்க்குச்சியில் ஒட்டிய நரியும் காகமும். பொம்மை துணியோடு ஒட்டி இருந்தால் நிழல் கூர்மையாக விழும், விளக்கை நெருங்க நெருங்கப் பெரிதாகி மங்கும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தானே கண்டுபிடித்து, நரியைப் பூதம் அளவுக்கு வளர்த்துக் காட்டினான்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளைத் தேர்வுக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். உங்கள் அலமாரியில் ஒன்றரை ஆண்டாகக் காத்திருக்கும் புத்தகங்களை நினைத்தால் எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர்

நண்பருக்கு வணக்கம். அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்களிடம் வரும் பெரிய பிள்ளைகளில் சிலருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராமல் இருக்கலாம். அவர்கள் அதை மறைப்பார்கள். "சத்தமாகப் படி" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளையை மீண்டும் பார்க்க முடியாது. வேட்டைச் சீட்டுகளில் பாதியை எழுத்தே இல்லாமல் படமாக வரைந்து வையுங்கள். பெரிய பிள்ளைகளை ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். "சின்னவனுக்காக" என்ற சாக்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வரிப் புத்தகத்தை வெட்கப்படாமல் எடுப்பான்.

புத்தகம் போதவில்லை என்றால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலவசமாக இறக்கி அச்சிடலாம், உரிமம் அனுமதிக்கிறது.

செலவே இல்லாதவை விடுகதையும் பல்லாங்குழியும். "பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துகள்" என்று கரும்பலகையில் எழுதி, விடையாக ஒரு வெண்டைக்காயைப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தேடிக் கண்டுபிடித்தவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைக்கச் சொல்லிவிட்டாள். பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் ஏழும் ஏழுமாகப் பதினான்கு வட்டம் போட்டால் போதும், புளியங்கொட்டை எந்த வீட்டிலும் கிடைக்கும். ஆனால் விளையாட்டு முழு நேரத்தையும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் இருபது நிமிடம்தான் விடுவேன்.

இரு பெண்களின் அம்மா

என் மகள்கள் இருவரும் எங்கள் கிளை நூலகத்துக்குப் போவதை நிறுத்தியதற்குக் காரணம் புத்தகமோ விளையாட்டோ இல்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்தது; நிகழ்ச்சி முடியும்போது இருட்டிவிட்டது. இரண்டையும் முதலில் கவனியுங்கள் தம்பி. நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிட்டால் பெண்பிள்ளைகளை அனுப்புவோம். ஒரு குடம் தண்ணீர் வைத்துவிடுங்கள். கூட்டிவர வரும் அம்மாக்களை வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே அழைத்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். என்னை இதுவரை எந்த நூலகத்திலும் யாரும் அப்படி அழைத்ததில்லை.

வயலோரம்

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்த மூவரும் அன்று உட்காரவில்லை அம்மா, போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கே போய், "முத்திரை குத்த ஆள் வேண்டும்" என்று அழைத்தேன். மறு ஞாயிறு ஐந்து பேர், பிறகு ஒன்பது, இப்போது பதினைந்து பதினாறு நிலையாக வருகிறார்கள். ஆறு வாரத்தில் சிறுவர் அலமாரியிலிருந்து 58 புத்தகங்கள் இரவல் போயிருக்கின்றன. முத்திரைக்குச் சண்டை வருவதால் பெயர்ப் பட்டியல் போட்டு முறை வைத்திருக்கிறோம். கழிப்பறைச் சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது. இரண்டு அம்மாக்கள் உறுப்பினர் ஆகியிருக்கிறார்கள்.

ஒரு தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்வதையும் நடத்தினேன். ஏ4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து விரித்து, அகலவாட்டில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுவரை ஒரே ஒரு வெட்டு. பிறகு விரித்து நீளவாட்டில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் புத்தகம். பசை, ஊசி எதுவும் வேண்டாம். ஒரு பெண் தன் ஆடு குட்டி போட்ட கதையை எழுதினாள். அதற்கு ஓர் எண் கொடுத்து, தேதித் தாள் ஒட்டி அலமாரியில் வைத்தேன். இதுவரை பதினோரு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கள் நூலகத்தில் இப்போது அதிகமாக இரவல் போகும் நூல் அதுதான்.

பெரியவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் எதிர்க்கிறார். "வரி கட்டுவது நாங்கள், கூச்சல் போடுவது இவர்களா" என்கிறார்.

இன்னொன்று: அதிகமாகக் கைமாறுவதால் புத்தகங்கள் கிழிகின்றன. செலோடேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சரிதானா?

குற்றாலச் சாரல்

நானும் தென்காசிப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகர். எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். உங்கள் பிள்ளைகள் படித்த புத்தகத்தைப் பற்றி எங்களுக்கு அஞ்சலட்டையில் எழுதட்டும், நாங்கள் பதில் எழுதுகிறோம். அட்டை 50 காசுதான்; பதினாறு பேருக்கு 8 ரூபாய். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

பழைய முத்திரை

ஆட்டுக்குட்டிப் புத்தகம் பற்றிப் படித்ததும் என் கணவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பெரியவர் சொல்வது உண்மை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறார். இங்கே 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலக வரிதான் நம்மைத் தாங்குகிறது. அதையே அவரிடம் நன்றியாகச் சொல்லுங்கள்: "ஐயா, இந்தப் பிள்ளைகள் படிப்பது உங்கள் காசில்தான்." அவர் பேரனோ பேத்தியோ இருந்தால் முத்திரைப் பட்டியலில் அடுத்த பெயராகச் சேருங்கள்.

செலோடேப் வேண்டாம் தம்பி. சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசின் கசிந்து பக்கத்தையே கெடுத்துவிடும். பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையும் மெல்லிய வெள்ளைத் தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தெரியும், கிழித்தால் படிந்துவிடும்), கிழிசலின் மேல் மெல்லப் பசை தடவி ஒட்டி, இரு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, மேலே நான்கு கனமான தடித்த நூல்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். இதையும் நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, "புத்தக ஆஸ்பத்திரி" என்று எழுதி வையுங்கள். காயம் பட்ட புத்தகத்துக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும்: பெயர், எத்தனையாம் பக்கத்தில் அடி, சேர்த்த நாள், வீடு திரும்பும் நாள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பசை. சின்னவர்கள் மேலே கனம் ஏற்றுவார்கள். கனத்துக்குக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் நன்றாக இருக்கும்.