மறுமொழி: ‘வெதரிங்’குக்குத் தமிழ்ச்சொல் – ‘புழக்கமேற்றல்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

‘வெதரிங்’குக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இன்றுதான் முழுவதும் படித்து முடித்தேன். என் மேசையில் இப்போது 1/48 அளவில் இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானமான கிட்டிஹாக்கின் மாதிரி ஒன்று இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் வட ஆப்பிரிக்கப் பாலைவனம், மணல்தரை ஓடுதளம், பக்கத்தில் இரண்டு தரைப்பணியாளர்கள் என்று ஒரு டயோரமா, அதாவது சிறிய காட்சியமைப்பு. வண்ணம் அடித்தாகிவிட்டது, அடுத்த வேலை வெதரிங்: புதிதாக வண்ணம் அடித்த மாதிரியில் தேய்வும் கறையும் கீறலும் காட்டி, பயன்பட்ட தோற்றம் கொடுப்பது. அதனால் இந்தச் சொல் எனக்கு வெறும் அகராதிக் கேள்வியாக இல்லை.

> புவியியல் பாடத்தில் ‘வானிலைச் சிதைவு’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பாறைக்கு அந்தச் சொல் பொருத்தம்தான். ஆனால் பாறை தானாகச் சிதைகிறது, யாரும் சிதைப்பதில்லை. நாம் பெயர் தேடுவது தூரிகையும் பஞ்சும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. அதைவிடப் பெரிய சிக்கல் ‘சிதைவு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

பலருக்கும் நினைவிருக்கும்: 2012இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் ஒரு கிட்டிஹாக் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் விமானப்படை விமானி டெனிஸ் காப்பிங் 1942 ஜூன் 28 அன்று பழுதுபட்டிருந்த அந்த விமானத்தைச் சரிசெய்யும் தளத்துக்கு எடுத்துச் சென்றபோது வழிதவறி அங்கே இறக்கியிருக்கிறார். எழுபது ஆண்டு வெயிலும் மணற்காற்றும் அதன் வண்ணத்தைப் பல இடங்களில் சுரண்டி எடுத்து வெறும் உலோகத்தை வெளியே காட்டிவிட்டன. அதுதான் வானிலைச் சிதைவு. ஆனால் டயோரமாவில் நான் காட்ட நினைப்பது அந்த 2012ஆம் ஆண்டு விமானத்தை இல்லை. 1942இல் காலையில் பறந்து போய், திரும்பி வந்து, மதியம் மறுபடி கிளம்பக் காத்திருக்கும் விமானத்தை. இரண்டும் ஒரே வகை விமானம், ஒரே பாலைவனம். தோற்றம் மட்டும் முற்றிலும் வேறு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு முன் செய்த மாதிரியில் முதலில் வெள்ளி வண்ணம் அடித்து, மேலே ஹேர்ஸ்பிரே தெளித்து, அதன்மேல் மிடில் ஸ்டோன் மஞ்சளும் டார்க் எர்த் பழுப்பும் அடித்தேன். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தேய்த்தால் மேல்வண்ணம் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து அடியிலிருக்கும் வெள்ளி எட்டிப் பார்க்கும். அது தரும் மகிழ்ச்சியில் கை நிற்கவில்லை. மூக்கு, இறக்கை, வால் என்று எல்லா இடத்திலும் பெயர்த்துவிட்டேன். பார்த்த நண்பர், “இது விழுந்து கிடந்த விமானமா?” என்று கேட்டார். வாலில் திசைதிருப்பப் பயன்படும் சுக்கானையும் சுட்டிக்காட்டினார். கிட்டிஹாக்கின் சுக்கான் துணி போர்த்தியது. துணிக்கு அடியிலிருந்து வெள்ளி உலோகம் எப்படித் தெரியும்? ‘சிதைக்க வேண்டும்’ என்ற எண்ணத்தோடு உட்கார்ந்ததால் வந்த தவறு அது.

> ‘பழமையூட்டல்’ எல்லோருக்கும் உடனே புரியுமே.

புரியும். பழைய கோட்டை, பழைய மரப்பெட்டி செய்கிறவர்களுக்கு நல்ல சொல்லும்கூட. ஆனால் அந்தப் பாலைவனத்துப் போர்விமானம் பழையது இல்லை. தொழிற்சாலையை விட்டு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தாலே அதிகம். அதற்குள் அடிபட்டு, வெளிறி, எண்ணெய் வழிந்து போயிருக்கும். வயதால் வந்த தோற்றம் இல்லை அது, வேலையால் வந்தது.

பிரிட்டிஷ் விமானப்படையின் 112ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த, மூக்கில் சுறாவாய் வரைந்த கிட்டிஹாக் ஒன்று துனீசியாவின் மெதனீனில் தரையில் ஊர்ந்து போகும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். வால் தரையில் இருக்கும்போது நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்துவிடும். அதனால் ஒரு தரைப்பணியாளர் இறக்கைமேல் உட்கார்ந்து வழி காட்டுகிறார். அந்த ஆள் ஏறி இறங்கிய தடம், அவருடைய பூட்ஸில் ஒட்டிய மணல் இறக்கையில் உரசிய கீறல், இவைதான் நான் காட்ட வேண்டியவை. விமானி அறைக்குள் ஏறுவதற்காகத் தினமும் மிதிபடும், இறக்கை விமான உடலோடு சேரும் பகுதி தேய்ந்திருக்கும், இறக்கை நுனிப்பக்கம் அவ்வளவாகத் தேயாது. தகர டின்னிலிருந்து எரிபொருள் ஊற்றும்போது வழிந்த கறை மூடியைச் சுற்றி இருக்கும். இன்ஜின் புகை மூக்கின் இருபுறமும் பின்னோக்கி இழுபட்டிருக்கும். சுழலி (புரொப்பெல்லர்) அலகுகளின் முன்விளிம்பில் கருப்பு வண்ணத்தை மணல் தின்றிருக்கும். ஒவ்வொரு கறைக்கும் அங்கே ஒரு காரணம் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: புழக்கம். ‘ஆள் புழங்குகிற வீடு’, ‘புழங்குகிற பாத்திரம்’ என்கிறோம். புழங்குகிற பாத்திரம் என்றதும் பிடி மழுங்கி, அடி கறுத்து, விளிம்பில் சின்னதாய் நசுங்கிய ஒன்று மனக்கண்ணில் வருகிறது. யாரும் அதைச் சிதைந்த பாத்திரம் என்று நினைப்பதில்லை. ஆகவே என் பரிந்துரை புழக்கமேற்றல். மெருகேற்றல், சாயமேற்றல், முறுக்கேற்றல் என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது. வினையாகவும் வளைகிறது: ‘இறக்கைக்கு இன்னும் புழக்கமேற்ற வேண்டும்’, ‘அளவுக்கு மீறிப் புழக்கமேற்றிவிட்டாய்’. வேலையின் முடிவில் தெரியும் தேய்வு, கறை, கீறல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புழக்கத்தடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘பணப்புழக்கம்’ குறுக்கே வரும் என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. சலவை நோட்டையும் புழக்கத்தில் நைந்த நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து வந்த புது வண்ணத்துக்கும் பாலைவனத்தில் பறந்த வண்ணத்துக்கும் அதே வேறுபாடுதான்.

வெயிலில் நிறம் மங்குவதை மட்டும் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘வெளிறவைத்தல்’ போதும்.

உட்பிரிவுகளில் ‘வாஷ்’ பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். ‘கழுவல்’ என்று இழையில் வந்திருக்கிறது, அது எதிர்ப்பொருள் தந்துவிடும். இங்கே எதையும் கழுவுவதில்லை. நீர்த்த அடர்பழுப்பை மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து, தகடுகள் சேரும் கோட்டின் ஒரு முனையைத் தொட்டால் போதும். அது தானாகவே கோட்டுக்குள் ஓடிப்போய் நிற்கும். அதுவரை தட்டையாகத் தெரிந்த இறக்கை சட்டென்று உருவம் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு மை எழுதியதும் முகம் தெளிவதைப் போல. அதனால் மையிடல் என்று முன்மொழிகிறேன். தூரிகையில் வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் உரசும் ‘டிரை பிரஷ்’ஷுக்கு ‘வறட்டுத் தீட்டல்’ எனக்குச் சம்மதம்.

டயோரமாவுக்கு ‘முப்பரிமாணக் காட்சிமாதிரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்கமாக நன்றாக இருக்கிறது, பெயராக நீளம். 1822இல் பாரிஸில் தாகேர் முதன்முதலாக டயோரமா என்று பெயர் வைத்துக் காட்டியது ஒளியை மாற்றி மாற்றி உயிரூட்டிய பெரிய ஓவியத்திரை. இன்று நாம் செய்வதோ ஒரு சிறிய நிலப்பரப்பு. அதனால் ‘காட்சிக்களம்’ என்றால் போர்க்களத்துக்கும் பொருந்தும், காட்டுக்கும் தெருவுக்கும் பொருந்தும்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புழக்கத்தடமும் அளவுக்கு உட்பட்டதுதான். தரைக்கு உண்மையான மணலைச் சலித்துப் போட்டேன். அரை மில்லிமீட்டர் மணற்பரல் 1/48இல் 24 மில்லிமீட்டர் கல்லாகிவிடுகிறது. பாலைவனம் ஜல்லி கொட்டிய இடம்போல ஆகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மாவாக அரைத்த வண்ணப்பொடியைத் தூவினேன். வண்ணம் பெயர்ந்த புள்ளிக்கும் அதே கணக்கு: ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்பது உண்மையான விமானத்தில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் திட்டு. 1/48க்கு நம்மிடம் பழைய பெயர் எதுவும் இல்லை. ஆனால் 1/32 அளவில் செய்கிறவர்களுக்கு ‘அரைவீசம்’ என்ற நம் கீழ்வாய் எண் (பழைய பின்னப் பெயர்) அப்படியே கிடைக்கிறது. அதைப் புழங்கத் தொடங்கினால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது ‘சிப்பிங்’, அதாவது வண்ணத்தைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்துக் காட்டுவது. ‘பெயர்ப்பு’ என்றால் மொழிபெயர்ப்பு நினைவு வருகிறது. ‘பொருக்கு’ நல்ல சொல், ‘பொருக்கு உதிர்ந்த சுவர்’ என்று சொல்லும்போது அந்தத் துணுக்கு கண்ணில் தெரிகிறது. ஆனால் அதை வினையாக்கி ‘பொருக்குதிர்த்தல்’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுக்குகிறது. கட்டட வேலை, மர வேலை செய்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை விமானத்தின் இடது இறக்கையைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.