சின்னதாக, எடை குறைவாக ஒரு லேப்டாப்: புது 11.6 அங்குலமா, பழைய 12.5 அங்குலமா?

யாழினி:

வணக்கம் நண்பர்களே,

வயதானவர்களைத் தேடிப் போய், அவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் கதைகளையும் பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்து எழுத்தில் ஏற்றுவது என் வேலை. பதிவுக்கருவி, மைக், ஸ்டாண்டு, நோட்டு எல்லாம் ஒரே தோள்பையில் போகும். அதே பையில் 15.6 அங்குல லேப்டாப்பும் சார்ஜரும். அவை இரண்டு மட்டுமே இரண்டரை கிலோவைத் தாண்டுகின்றன. நின்றுகொண்டே பயணம் செய்யும் நாட்களில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. எடை குறைவான ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டும்.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவைத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்வேன். பக்கத்தில் பிரவுசரில் ஓர் அகராதி திறந்திருக்கும். தமிழ்99 விசைப்பலகைதான் பழக்கம். கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் கிடையாது.

லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் பதிவுக்கருவியோடு மட்டும் போகலாமே என்று கேட்பீர்கள். எழுதியதை அன்றைக்கே அவர்களிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்வது என் வழக்கம். சில சொற்கள் அவர்கள் வாயில் மட்டுமே இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது சொன்னவர் இருப்பார் என்ற உறுதி கிடையாது.

கையில் இருக்கும் பணம் குறைவு. அதற்குள் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புத்தம்புதிய 11.6 அங்குலம்: செலரான் என்4020 பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மற்றது, அலுவலகங்களில் ஓடிக் கைமாறி வரும் 12.5 அல்லது 13.3 அங்குல மாடல்கள். புதிதுக்கு உத்தரவாதம் உண்டே என்று மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதர்போர்டு:

அந்த 4 ஜிபி, 64 ஜிபி மெஷினை வாங்காதீங்க சகோதரி. லேப்டாப் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். அந்த ரகம் மேஜைக்கு வந்தாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். கொண்டு வர்றவங்க பெரும்பாலும் காசை எண்ணி எண்ணி வாங்கினவங்க. “ரொம்ப ஸ்லோவா இருக்கு, ரேம் ஏத்திக் கொடுங்க”ம்பாங்க. ஏத்த இடமே இருக்காது. ரேம் போர்டுலயே சால்டர் ஆகியிருக்கும், இஎம்எம்சியும் அப்படித்தான். வாங்கின அன்னைக்கு என்ன இருந்ததோ, கடைசி வரைக்கும் அதுதான்.

உங்க வேலையை வச்சே கணக்குப் போடுவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோன்னு வேவ் கோப்பா பதிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். அதை ஆடாசிட்டிக்குள்ள கொண்டுவந்தா, அது தன்னோட புராஜெக்ட் கோப்புக்குள்ள 32 பிட்ல இன்னொரு பிரதி எடுத்துக்கும், அது 1.4 ஜிபி கிட்ட. ஆக ஒரு மணி நேரப் பேச்சுக்கு 2.4 ஜிபி. 64 ஜிபின்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுறது 60க்குக் கீழதான். அதுல விண்டோஸும் அதோட அப்டேட்டும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் சொல்ற குறைந்தபட்சமே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. அதுக்குக் கீழ போனா ஏறவே ஏறாதுங்கிற அளவு அது. அந்த அளவுல ஒரு மெஷினை வச்சுக்கிட்டு ஆடாசிட்டி, ஆபீஸ், பிரவுசர் மூணையும் ஒண்ணா திறந்தா பொறுமை போயிடும்.

புதுசுதான் வேணும்னா பிராசஸர் இன்டெல் என்100 இருக்கிறதாப் பாருங்க. 2023ல வந்தது, 4 கோர், 6 வாட்தான். என்4020 2019ல வந்த 2 கோர். ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். கூடவே 8 ஜிபி ரேம், கழட்டி மாத்தக்கூடிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு) இருக்கணும். இதெல்லாம் சேர்ந்து உங்க வரம்புக்குள்ள வந்தா தாராளமா வாங்கலாம்.

வரலேன்னா பழைய ஆபீஸ் மெஷின்தான் என் கட்சி. டெல் லாட்டிட்யூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, எச்பி எலைட்புக் 830 ஜி5, இந்த மூணையும் தேடுங்க. மூணும் 2018 வாக்குல வந்தவை. முதல் ரெண்டும் 12.5 அங்குலம், 1.2 கிலோவை ஒட்டி வரும். எலைட்புக் 13.3 அங்குலம், 1.3 கிலோவுக்கு மேல. எக்ஸ்280ல ரேம் போர்டோட ஒட்டினது, அதனால 8 ஜிபியோ 16ஓ இருக்கிறதைப் பார்த்து எடுக்கணும். 7290ல ஒரு ரேம் ஸ்லாட், 830 ஜி5ல ரெண்டு. எஸ்எஸ்டி மூணுலயும் மாத்தலாம்.

பிராசஸர் எண்ணைக் கவனிங்க. ஐ5க்கு அப்புறம் வர்ற நாலு இலக்கம் 8ல ஆரம்பிக்கணும். அதே மாடல்ல 7ல ஆரம்பிக்கிறதும் சந்தையில சுத்துது. அது விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வப் பட்டியல்ல வராது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. லினக்ஸ் போடுவீங்கன்னா 7ம் பரவாயில்லை. ஆடாசிட்டி, லிப்ரே ஆபீஸ் ரெண்டும் அதுல நல்லாவே ஓடும்.

காலைநடை:

எடைதான் பிரச்சினை என்றால் டேப்லெட்டும் கழற்றி மாட்டும் கீபோர்டும் யோசித்தீர்களா? 2018இல் வந்த முதல் சர்ஃபேஸ் கோ கீபோர்டு இல்லாமல் 522 கிராம்தான். கீபோர்டு சேர்த்தாலும் முக்கால் கிலோவை ஒட்டி நின்றுவிடும். அதுவும் விண்டோஸ்தான் என்பதால் ஆடாசிட்டி ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட் வேண்டாம், ஆடாசிட்டிக்கு ஆண்ட்ராய்டு பதிப்பு கிடையாது.

யாழினி:

நன்றி. ஆனால் எனக்குப் பல இடங்களில் மேஜை கிடைக்காது, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துத்தான் எழுத வேண்டும். முட்டுக் கொடுத்து நிற்கும் டேப்லெட் மடியில் நிற்குமா?

காலைநடை:

நேராகச் சொல்லிவிடுகிறேன், மடியில் சரிப்படாது. பின்னால் இருக்கும் தாங்கிக்கு இடம் வேண்டும், தொடை அசைந்தால் திரை ஆடும். மேலும் அதன் அடிப்படை மாடலில் நீங்கள் தவிர்க்க வேண்டிய அதே 4 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சிதான். மடியில் வேலை என்றால் என் யோசனையை விட்டுவிடுங்கள்.

குறிஞ்சி:

கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக் லேப்டாப் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் எழுதத் தொடங்கலாம், பேட்டரி நன்றாக நிற்கிறது. லினக்ஸ் வசதியை இயக்கினால் ஆடாசிட்டியும் ஓடும், 8 ஜிபி இருந்தால் இன்னும் நிம்மதி. பழைய குரோம்புக் வாங்குவதென்றால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்தத் தேதியில் நிற்கும் என்று முதலில் பாருங்கள். 10 ஆண்டு அப்டேட் உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தக் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

நெடில்:

ஒருவரும் விசைப்பலகையைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்99 என்று யாழினி எழுதியிருக்கிறார், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நானும் முழுநேரத் தட்டச்சர், மெய்ப்பும் பார்ப்பேன்.

சின்ன லேப்டாப்பில் இடம் போதாதபோது தயாரிப்பாளர்கள் நடுவில் இருக்கும் எழுத்து விசைகளைத் தொடமாட்டார்கள். வலது ஓரத்தைத்தான் நசுக்குவார்கள். ஆங்கிலம் அடிப்பவருக்கு அங்கே இருப்பது நிறுத்தற்குறிகளும் அடைப்புக்குறிகளும் மட்டுமே, நசுங்கினால் பெரிய இழப்பில்லை. தமிழ்99இல் அங்கேதான் நம் எழுத்துகள் இருக்கின்றன. சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டில் ச, ஞ. அரைப்புள்ளி விசையில் ந. அதை அடுத்த மேற்கோள் விசையில் ய. இந்த நாலும் பாதி அகலத்துக்குச் சுருங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வலது சுண்டுவிரல் ஒவ்வொரு வரியிலும் தேடித் தடுமாறும், எழுதும் வேகம் அங்கேயே போய்விடும். கதை கேட்டு எழுதுகிறவருக்கு ‘சொன்னான்’, ‘செய்தாள்’, ‘நடந்தது’ இல்லாமல் ஒரு பக்கம் நகருமா?

2007இல் வந்த ஏசுஸ் ஈ பிசி நினைவிருக்கிறதா? 7 அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் கீழே. அந்த அளவுக்குச் சிறுத்த விசைப்பலகையில் பத்து விரல்களை வைக்கவே இடம் போதாது. அதன் பிறகு திரைகள் வளர்ந்துவிட்டன, ஆனாலும் இப்போதைய 11.6 அங்குல மாடல்கள் சிலவற்றில் வலது ஓரம் இன்னமும் ஒடுங்கித்தான் இருக்கிறது. மேஜைக் கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். அளவுகோல் கொண்டுபோய் ஓர வரிசையை அளந்து பாருங்கள். அல்லது விற்பவரிடம் கேட்டு ‘சாய்ந்து’, ‘ஞாயிறு’, ‘செய்ந்நன்றி’ என்று கண்ணை மூடிக்கொண்டு நாலு முறை அடியுங்கள். தமிழ் உள்ளீடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விரல் போய் விழும் இடம் சரியா என்று தெரிந்துவிடும். பிராசஸரைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வெளியே தனியாக ஒரு கீபோர்டு மாட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் அதையும் அதே பையில்தானே சுமக்க வேண்டும்?

மதர்போர்டு:

நெடில் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. இனிமே தமிழ்ல எழுதறவங்க கேட்டு வந்தா இதையும் சொல்லுவேன். 12.5 அங்குல ஆபீஸ் மாடல்கள்ல வலது ஓரம் ஓரளவு முழுசா இருக்கும், ஆனா நீங்களே அடிச்சுப் பார்த்துடுங்க.

யாழினி:

அடித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் புது 11.6இல் ஞ இருக்க வேண்டிய விசை பாதி அகலம்தான், ய-வைத் தேடியபோது விரல் என்டரில் விழுந்தது. அதை விட்டுவிட்டேன். ஒரு லாட்டிட்யூட் 7290 பார்த்தேன், விசைகள் கைக்கு வந்தன. ஐ5, எண் 8இல் தொடங்குகிறது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எடையும் சரி. ஆனால் திரை 1366க்கு 768 மட்டுமே. புள்ளி வைத்த எழுத்துகள் தெளிவாகத் தெரியுமா? பேட்டரியை எப்படிச் சோதிப்பது?

மதர்போர்டு:

எழுத்துத் தெளிவுக்குக் கவலைப்படாதீங்க. அதே 1366க்கு 768 உங்க 15.6 அங்குலத்துல அங்குலத்துக்கு 100 புள்ளி, 12.5ல 125 புள்ளி. எழுத்து கூர்மையாத்தான் இருக்கும். உயரம்தான் குறை. ஆடாசிட்டியும் ஆபீஸும் மேல கீழ வச்சா வரிகள் கொஞ்சம்தான் தெரியும். ஆபீஸ்ல கருவிப்பட்டைகளை மறைச்சு வச்சுக்கங்க.

திரையில வேற ஒண்ணு பாருங்க. மூடியை முன்னும் பின்னும் சாய்ச்சா நிறம் வெளுத்தோ கறுத்தோ போகுதான்னு. போனா அது டிஎன் பேனல். மடியில வச்சுப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் காட்டுறவங்களுக்கு அது சரிவராது. நிறம் மாறலேன்னா ஐபிஎஸ் வகை, எடுத்துக்கலாம்.

பேட்டரிக்கு விண்டோஸ்லயே அறிக்கை எடுக்கிற கட்டளை இருக்கு, விற்கிறவர்கிட்ட பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவுன்னு ரெண்டு எண் வரும். 7290ல 42 வாட்-மணி, 60 வாட்-மணின்னு ரெண்டு வகை பேட்டரி உண்டு, 60 இருந்தா அதிர்ஷ்டம். இப்போ 45 நிக்குதுன்னு வைங்க, கேட்டு எழுதற வேலைக்கு மெஷின் 7 வாட் இழுத்தா ஆறு மணி நேரம் தாண்டும். பாதிக்குக் கீழ இறங்கியிருந்தா விலையில குறைச்சுக் கேளுங்க. பேட்டரி திருகுதான், மாத்தறது கஷ்டமில்லை. அடிப்பக்கம் லேசா உப்பியிருந்தா மட்டும் அந்த மெஷினைத் தொடவே தொடாதீங்க.

முக்கியமான இன்னொண்ணு: உங்க கண்ணு முன்னாடியே பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை அமைப்புத் திரை) உள்ள போகச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கேட்டா வேண்டாம். விண்டோஸைப் புதுசா ஏத்தும்போது ஏதோ நிறுவனத்தோட பேர் வந்து லாகின் கேட்டாலும் வேண்டாம். பழைய முதலாளி கணக்குல இருந்து அந்த மெஷின் இன்னும் விடுபடலேன்னு அர்த்தம்.

சார்ஜர் பழைய கனமான கட்டியா இருந்தா அதைத் தூக்க வேண்டாம். 7290 யுஎஸ்பி-சி வழியா சார்ஜ் ஏத்திக்கும். 65 வாட் சின்ன சார்ஜர் ஒண்ணு தனியா வாங்கினா போனுக்கும் அதுவே ஆகும்.

யாழினி:

மூடியைச் சாய்த்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. பயாஸ் பாஸ்வேர்டு கேட்கவில்லை. பேட்டரி 60 வாட்-மணி வகை, இப்போது 47 காட்டுகிறது. நாளை பணம் கொடுக்கப் போகிறேன். பழைய லேப்டாப்பில் இருக்கும் பதிவுகளை எல்லாம் இதற்கு மாற்றிவிடலாமா?

மதர்போர்டு:

47 நல்ல எண், எடுங்க. பதிவுகளை மொத்தமா மாத்தாதீங்க. மூலப் பதிவுகள் பழையதுலயே இருக்கட்டும், வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்லயும் இன்னொரு பிரதி வச்சுடுங்க. கையில எடுத்துட்டுப் போறதுல அந்த வாரத்து வேலை மட்டும் இருக்கட்டும். கைமாறி வந்த எஸ்எஸ்டியை நம்பி, திரும்பக் கிடைக்காத குரல்களை அதுல மட்டும் வைக்காதீங்க.